ஏழுகால் நண்டும் நாயுருவியும்

செடிகொடிகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், செம்பாயி தன் தாய் அழகாத்தாளைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, தாய் அவளிடம் கேட்டது இதுதான்: "யாரம்மா நீ?"

அழகாத்தாள் இரண்டு மலைகளுக்கு அப்பால் மகன் வீட்டில் இருந்தாள். முதலில் கண் மங்கியது. பிறகு நினைவு. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. மருமகளின் குரல் போயிற்று. சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போயிற்று. போகாமல் நின்றது ஒன்றே ஒன்று. மகளின் கல்யாணத்தன்று அவள் தன் தோளிலிருந்து கழற்றி மகளின் தோளில் குத்திவிட்ட வெள்ளி நண்டு.

இப்போது புரோச் என்கிறோமே, முந்தானை நழுவாமல் தோளில் குத்திக்கொள்வது, அதுதான். முன்னால் நண்டு, பின்னால் ஊசி. நண்டுக்கு எட்டுக் கால் இருக்க வேண்டும். செம்பாயி பல் முளைக்கிற வயதில் ஒன்றைக் கடித்து ஒடித்துவிட்டாள். அதனால் அவள் எப்போது போனாலும் தாயின் கை நேராகத் தோளுக்கு வரும். விரல்கள் கால்களை எண்ணும். "ஏழு," என்பாள். "அப்போ நீ என் செம்பாயி." அதன் பிறகுதான் அழுகையும் சிரிப்பும் எல்லாம்.

ஒருநாள் அண்ணனிடமிருந்து ஆள் வந்தது. "அம்மா கஞ்சியை விட்டுட்டாங்க. வர்றதுன்னா இன்னிக்கே வரணுமாம்."

செம்பாயி உடனே புறப்பட்டாள். புறப்படும்போதுதான் கவனித்தாள். நண்டின் பின்னால் ஊசிமுனையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்து ஒடிந்திருந்தது. கருவேல முள்ளைக் கேட்கலாம். ஆனால் அவளிடம் இருந்த நல்ல சேலை அந்த ஒன்றுதான், அதுவும் நைந்துபோனது. முள் கிழித்துவிடும். வேலியோரம் நின்ற நாயுருவியிடம் போனாள். அந்நாளில் நாயுருவியின் விதைகள் முனை மேலே பார்த்து நிற்கும். பட்டால் லேசாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"நாயுருவி, எனக்கு ஒரு உதவி. எங்கம்மா கையில் இந்த நண்டு படுகிறவரைக்கும் ஊசியை விடாமல் பிடிச்சுக்கணும்."

"அது ஒரு வேலையா? ஒரு கதிரை ஒடிச்சுக்க," என்றது நாயுருவி.

செம்பாயி அவசரத்தில் முந்தானையை மடிக்காமல் ஒற்றைத் துணியிலேயே, முனை மேலே வரும்படி ஊசியைக் குத்தினாள். முனையைக் கதிரில் செருகினாள். கதிர் ஊசியையும் துணியையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டது. செம்பாயி நடந்தாள்.

முதல் மலை ஏறும்போதே சேலை முனகத் தொடங்கியது. சேலை பருத்திச் செடியில் பிறந்தது. அதனால் அதற்கும் பேச்சு இருந்தது. வெள்ளி மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. அதற்கு அப்போதும் பேச்சு இல்லை.

"அடியே, பிடிக்கிறியா பிய்க்கிறியா? என் இழை போகுது."

"பிடிக்கச் சொன்னாங்க அக்கா, பிடிக்கிறேன்."

"பிடி, யார் வேணாம்னா? உடும்பு மாதிரியா பிடிப்பாங்க? நான் எத்தனை துவைப்பு கண்டவ தெரியுமா? இந்தத் தோளில் நான் கிழிஞ்சா இவ எதைக் கட்டிக்கிட்டு அம்மா முன்னால போய் நிப்பா?"

நாயுருவிக்கு மனசு கேட்கவில்லை. சேலை சொல்வதும் நியாயமாகவே பட்டது. தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது.

"இப்போ எப்படி அக்கா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் தளர்த்தியது.

இரண்டு மலைகளுக்கும் நடுவே ஓடை. செம்பாயி தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, கூழாங்கற்களில் தாவித் தாவிக் கடந்தாள். ஊசிமுனை மேலே பார்த்திருந்தது, நண்டின் பாரம் கீழே இழுத்தது. ஊசி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நண்டு தண்ணீரில் விழுந்தது. வெள்ளியாதலால் கத்தவில்லை. ஓடைச் சத்தத்தில் விழுந்த சத்தமும் கேட்கவில்லை.

"பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கே," என்றது சேலை.

"நான் நல்லாத் தளர்த்திட்டேன்ல," என்றது நாயுருவி, சந்தோஷமாக.

சாயங்காலம் செம்பாயி தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கை எழுந்தது. தோளுக்கு வந்தது. தடவியது. மறுபடியும் தடவியது. விரல்களுக்கு எண்ண எதுவும் கிடைக்கவில்லை.

"யாரம்மா நீ?"

"அம்மா, நான் செம்பாயி."

"அவ வர்றப்போ தோளில் நண்டு இருக்கும். நீ வேற யாரோ."

சேலை பதறிப்போய்ச் சொன்னது: "அம்மா, இவ உங்க மகதான். நான் சாட்சி."

அழகாத்தாள் பொக்கை வாயால் சிரித்தாள். "துணி எப்பவும் கட்டினவ பக்கம்தானே பேசும்."

அண்ணன் சொல்லிப் பார்த்தான். அண்ணி சொல்லிப் பார்த்தாள். கிழவி கேட்கவில்லை. செம்பாயி அதற்குமேல் வாதாடவில்லை. கஞ்சியை ஆற்றி ஊட்டினாள். நான்கு நாளாகக் கஞ்சி தொடாதவள் நான்கு மடக்குக் குடித்தாள்.

"நல்ல கை உனக்கு," என்றாள். "உனக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்க."

"அப்போ போய்ப் பாரு. என் மக மாதிரி நாளைத் தள்ளாதே."

விடிந்தபோது அழகாத்தாள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து செம்பாயி திரும்பினாள். வழியில் ஓடையில் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டினாள். நண்டு கிடைக்கவில்லை. வேலியோரம் வந்தபோது கதிர் அவள் தோளிலிருந்தே அழுதது. "நான்தான் விட்டேன். சேலைக்கு வலிக்குதேன்னு விட்டேன். என்னைப் பிடுங்கி அடுப்பில் போட்டுடு."



 செம்பாயி சொன்னாள்: "நீ இரக்கப்பட்டே. தப்புக் குத்து குத்தினது நான். துணியை ரெண்டாய் மடிச்சிருந்தா சேலைக்கு வலிச்சிருக்காது. உள்பக்கம் ஒரு கிழிசல் துணி வச்சிருந்தா அவ இழை போயிருக்காது. முனையைக் கீழே பார்க்கவிட்டிருந்தா, நீ விட்டாலும் பாரமே அதைப் பிடிச்சிருக்கும்."

சொல்லிக்கொண்டே, அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவுவதுபோல அந்த நாயுருவியை உச்சியிலிருந்து அடிவரை ஒருமுறை தடவிவிட்டாள். அவள் கை போன வழியே எல்லா விதைகளும் கீழே பார்த்துத் திரும்பின.

அந்த நாளிலிருந்துதான் நாயுருவியின் விதைகள் முனை கீழாகத் தண்டோடு ஒட்டி நிற்கின்றன. மேலிருந்து தடவினால் வழுக்கும். கீழிருந்து தடவினால் குத்தும். அன்று முதல்தான் பழைய புரோச்சைக் குத்துகிற பெண்கள் துணியை இரண்டாய் மடித்து, உள்ளே சிறு துண்டு வைத்து, ஊசிமுனையைக் கீழ்நோக்கி விடுகிறார்கள். வேலியோரம் நடப்பவர் எவராயிருந்தாலும், ஒருவேளை தாயைப் பார்க்கப் போகிறவராக இருக்கலாம் என்று நாயுருவி அவர் துணியைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து எவ்வளவு உதறினாலும் ஓரத்தில் இரண்டு மூன்று விதைகள் மிஞ்சிவிடும். அவற்றைக் கையால்தான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.