ஈட்டியப்பன் நட்ட முள்

மலையடிக் குட்டை ஒன்றின் கரையில் ஈட்டியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அது எதையும் சும்மா விடாது. எறும்பு ஏன் வரிசையில் போகிறது, இலை ஏன் சுருள்கிறது என்று நாள் முழுக்க அதே வேலை.

கோடை தொடங்கியது. குட்டை வற்றினால் அங்கே தண்ணீர் குடிக்கும் விலங்குகள் எல்லாம் மூன்று நாள் நடந்து ஆற்றுக்குப் போகவேண்டும். வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பாவிட்டால் வழியிலேயே உயிர் போய்விடும்.

"எப்போ கிளம்பணும்னு நான் அளந்து சொல்றேன்," என்றது ஈட்டியப்பன். தன் முதுகிலிருந்து நீளமான முள் ஒன்றைப் பிடுங்கி, பல்லால் பத்துக் கோடு போட்டது. முதல் கோடு வரை சேற்றில் இறங்கும்படி குட்டையின் நடுவில் நட்டது. தண்ணீர் ஒன்பதாவது கோட்டில் நின்றது.

தினமும் காலையில் தண்ணீருக்குள் இறங்கும். முள் ஆடக்கூடாது என்று அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டும். பிறகு கோட்டைப் பார்க்கும். "ஒன்பது. அப்படியே இருக்கு."

அந்தப் பேச்சை நம்பித்தான் வாத்து கரையோரம் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தது.

இருபது நாள் கழிந்தது. மானுக்கு ஒரே குழப்பம். "தண்ணி குடிக்க முன்னைவிட ரொம்ப தூரம் இறங்க வேண்டியிருக்கே?"

"கரை வளர்ந்திருக்கும்," என்றது நரி. அதற்குத் தெரியாத விஷயமே கிடையாது, பாவம்.

ஆமைக்கு அதைவிடக் குழப்பம். "நான் நீந்திப் போன இடத்துல இப்போ நடந்து போறேன்."

"உனக்கு எடை கூடிப்போச்சு. முள் ஒன்பதுன்னு சொல்லுதே, அது பொய் சொல்லுமா!" என்றது நரி.

மான் தன் காலைப் பார்த்தது. ஆமை தன் வயிற்றைப் பார்த்தது. கண்ணை நம்புவதா, முள்ளை நம்புவதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஈட்டியப்பனுக்குத் தலையே சுற்றியது. முள்ளும் சரி, ஆமை சொல்வதும் சரி என்றால் எப்படி? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்து நான்காம் நாள் முள்ளைப் பிடுங்கிப் பார்த்தது. ஏழாவது கோடு வரை சேறு அப்பியிருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டது. தினமும் தட்டித் தட்டி முள்ளைச் சேற்றுக்குள் இறக்கியது தானேதான். தண்ணீர் இறங்க இறங்க முள்ளும் இறங்கியிருக்கிறது. எட்டுக் கோடு இருந்த தண்ணீர் இப்போது இரண்டே கோடு.

நரி பக்கத்தில் வந்தது. "வெளியே சொல்லாதே. ஒரே ராத்திரியில வத்திப்போச்சுன்னு சொல்லிடு. எல்லாரும் கிளம்பிடுவாங்க, உன் பேரும் கெடாது."

ஈட்டியப்பனுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ராத்திரியில் ஆறு கோடு வற்றியது என்றால், நாளைக்கே குட்டை காலி என்று நினைத்து வாத்து முட்டையை விட்டுவிட்டு ஓடுமே?

எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னது.

"இதுக்குத்தான் உன்னை நம்பினோமா?" என்று காட்டுப்பன்றி சீறியது.

வாத்து கத்தவில்லை. "முட்டை பொரிய இன்னும் ஆறு நாள் ஆகும், ஈட்டியப்பா. தண்ணி எத்தனை நாள் இருக்கும்?"

"நாலு நாளைக்கு ஒரு கோடு வத்தியிருக்கு. அப்படிப் பார்த்தா எட்டு நாள் வரும், அக்கா. ஆனா வெயில் ஏறினா குறையும். எவ்வளவு குறையும்னு எனக்குத் தெரியலை."

வாத்து எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. போவதா இருப்பதா என்று அதற்குப் புரியவில்லை.

"நான் தப்பா சொன்னதாலதான் நீங்க இங்க முட்டை போட்டீங்க. நானும் கூட இருக்கேன்," என்றது ஈட்டியப்பன்.

மற்றவர்கள் அன்றே கிளம்பினார்கள். ஈட்டியப்பன் முள்ளைத் தண்ணீருக்குள் இருந்த ஒரு பாறை இடுக்கில் செருகியது. இந்தத் தடவை தட்டவில்லை. காலையும் மாலையும் பார்த்து, இறங்கியதை இறங்கியபடியே வாத்திடம் சொன்னது.

ஆறாம் நாள் தண்ணீர் கூழாகக் கிடந்தது. ஐந்து முட்டையில் நான்கு பொரிந்தன. ஐந்தாவதற்காக வாத்து மதியம் வரை காத்திருந்து அழுதது. பிறகு இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஈட்டியப்பன் முன்னால் போய் நிழல் தேடித்தர, நான்கு குஞ்சும் உயிரோடு ஆற்றை அடைந்தன.

காட்டுப்பன்றி குஞ்சுகளை எண்ணிப் பார்த்தது. பிறகு ஈட்டியப்பனிடம், "இந்த ஆறு எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டது.

"எப்பவும் ஓடும்!" என்று நரி முந்திக்கொண்டது. யாரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

"இப்பத்தானே வந்தேன். எனக்கு இன்னும் தெரியலை," என்றது ஈட்டியப்பன்.

"சரி, தெரிஞ்சதும் சொல்லு," என்று காட்டுப்பன்றி நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போனது.

தெரிந்துகொள்ளும் ஆர்வம் ஒருவரை ஆராய வைக்கும். தன் தவறைத் தானே சொல்லும் நேர்மை இருந்தால்தான் அந்த ஆராய்ச்சியை உலகம் நம்பும்.