வலியைச் சந்தேகியாத செம்பாயி அம்மையார்

பெண்கள் சிறையின் மருத்துவ அறையில் மலச்சட்டி கழுவும் வேலை செம்பாயி அம்மையாருடையது. ஆறு கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, கம்பி போட்ட ஒரு ஜன்னல். காலையில் லாக்கப் திறந்ததும் அம்மையார் அந்த ஜன்னல் கம்பியில் திருநீற்றைத் தொட்டு வைப்பார். "வைத்தியநாதா, இன்னிக்கு யார் ரூபத்துல வரப்போறியோ, வா" என்பார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை எடுப்பார்.

குடித்துவிட்டு மகளை வெட்ட வந்த கணவரை உலக்கையால் அடித்தவர் அவர். ஒரே அடி, ஆயுள் தண்டனை. அந்தப் பாவத்தை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

அங்கே நோயைவிடப் பெரிய பாடு, நோயை நம்ப வைப்பது. "வலிக்குது" என்றால் "நடிக்கிறா" என்பதே முதல் பதில். டாக்டர் காலையில் தலையைக் காட்டிவிட்டுப் போவார். தலைவலிக்கும் அதே வெள்ளை மாத்திரை, கால் வீக்கத்துக்கும் அதே. அதை வாங்கவே வார்டர் மனசு வைக்க வேண்டும். அம்மையாரோ ஒரு விரதம் பூண்டிருந்தார்: வலிக்கிறது என்று சொன்னவரிடம் "நெசமா?" என்று கேட்பதில்லை. திருநீறு பூசி வந்தவர் யோக்கியரா என்று பார்த்தா கும்பிடுகிறோம்? வலியைப் பூசி வந்தவளை மட்டும் ஏன் சோதிக்க வேண்டும்? யார் கூப்பிட்டாலும் தோள் கொடுத்து அழைத்து வருவார்.

"என்ன ஆம்புலன்ஸு, இன்னிக்கும் நாடகக் கம்பெனியத்தான் தூக்கிட்டு வர்றியா?" என்பார் வார்டர் சுலோச்சனா. பிளாக்கே சிரிக்கும்.

நாடகக் கம்பெனி என்பது புஷ்பலதாவுக்குக் கிடைத்த பட்டம். திருட்டு வழக்கில் வந்தவள். வேலை பிடிக்காவிட்டால் மயக்கம், சோறு பிடிக்காவிட்டால் வயிற்றுவலி. அவளையும் அம்மையார் அலுக்காமல் தாங்கி வந்தார்.

அம்மையாருக்கே பித்தப்பையில் கல். பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தாக வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டார். ஆனால் வழிக்காவலுக்குப் போலீஸ் வராமல் கைதி வாசலைத் தாண்ட முடியாது. போலீஸ் வரவில்லை. திருவிழா என்றார்கள், மந்திரி வருகை என்றார்கள். வேன் சத்தம் கேட்டால் அம்மையாரின் கை வாளிக்குள்ளேயே நின்றுவிடும். பார்த்தால் அரிசி லாரி. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, படுத்தால் விலாவுக்குள் யாரோ கிள்ளுவார்கள். உடம்பு எங்கே இருந்தாலும் காது சிறை வாசலிலேயே கிடந்தது.

ஒருநாள் வேன் வந்தேவிட்டது. ஒரு கைதிக்குத்தான் காவல். அம்மையார் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது, புஷ்பலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டாள்.

"ஆரம்பிச்சுட்டாடி!" என்று யாரோ கைதட்டினார்கள்.

"அவளைக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார் அம்மையார்.

சுலோச்சனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? அவ நடிக்கிறது தெரியல?"

"எனக்கு வயித்துக்குள்ள எட்டிப் பாக்கத் தெரியாதுங்கம்மா."

உருளுகிறவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் தலை உருளும் என்று டாக்டர் பெயரை மாற்றி எழுதினார். வேன் போய்விட்டது.

மாலையில் புஷ்பலதா நடந்தே திரும்பி வந்தாள். ஒன்றுமில்லையாம். பிளாக் முழுதும் அம்மையாரைப் பார்த்துச் சிரித்தது. அவள் தலைகுனிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மா அந்த ஆஸ்பத்திரியிலதான் ஆயா வேலை பாக்குதுக்கா. இங்க ஒரு தடவ வந்து பாக்கல. நானாவது பாத்துடலாம்னு போனேன். என்னைக் கண்டதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருச்சு."

அம்மையார் அவள் தலையைத் தடவினார். "இப்ப வலி தேவலையா?"

எத்தனையோ அழுகை அழுது காட்டியவள் அன்றைக்குச் சத்தமே இல்லாமல் அழுதாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் இல்லை. பகல் லாக்கப்பில் எல்லோரையும் பூட்டிவிட்டு வார்டர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போதுதான் அம்மையாரை வலி புரட்டிப் போட்டது. வாந்தி, நடுக்கம், நெருப்பாய்ச் சுரம். தமக்காக ஒருநாளும் குரல் எழுப்பியறியாதவர் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையில் சுருண்டார்.

புஷ்பலதா கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "செம்பாயி அக்கா சாவப்போவுதும்மா! கதவத் தொறங்க!"

"கம்பெனி மத்தியான ஆட்டத்தத் தொடங்கிருச்சு" என்று தூரத்தில் சிரிப்புக் கேட்டது. பெண்கள் தட்டுகளால் கதவை அடித்தார்கள். யாரும் அசையவில்லை. கத்திக் கத்திப் புஷ்பலதாவின் தொண்டையில் வெறும் காற்றுதான் மிஞ்சியது. அம்மையாருக்குக் கண் இருட்டியது. "வைத்தியநாதா" என்று உதடு மட்டும் அசைந்தது.

அப்போது எழுந்தது ஒரு குரல். "கைதி தப்பிக்கிறா! சுவத்துல ஏறிட்டா!"

அபாய மணி அலறியது. வலிக்கு வராதவர்கள் எல்லோரும் ஓட்டத்துக்கு வந்தார்கள். சாவிக்கொத்தும் லத்தியுமாக வார்டர்கள் வந்தார்கள். சோற்றுக் கையோடு சூப்பிரண்டு அம்மா வந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வழிக்காவலுக்கு ஓர் ஆள் கிடைக்காத வாசலில் மூன்று வேன் போலீஸ் வந்து இறங்கியது. ஓடினவள் ஒருத்தியும் இல்லை. சாகக் கிடந்தவள் ஒருத்தி இருந்தாள். வந்த வேன் ஒன்றிலேயே அம்மையாரை ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்தவர்கள் சொன்னார்கள்.

அம்மையார் தேறித் திரும்பியபோது, பொய்க்கூச்சல் போட்டதற்காகத் தனிக்கொட்டடியில் கிடந்துவிட்டு, புஷ்பலதாவும் அன்றுதான் வெளியே வந்திருந்தாள்.

"அக்கா, உங்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு அப்ப தொண்டையே இல்ல. அது நான் கத்தல. நம்ம பிளாக்குல எவளும் கத்தல."

"அப்புறம் ஏண்டி நாந்தான்னு ஒத்துக்கிட்டே?"

"யாருன்னு சொல்லாட்டி எல்லாருக்கும் வீட்டாளுங்களப் பாக்குறத நிறுத்திருவேன்னுட்டாங்க. பொய்யி எனக்கென்ன புதுசா? நான் சொன்னதும் நம்பிட்டாங்க."

அம்மையாருக்கு மெய் சிலிர்த்தது. தரையில் கிடந்தபடி அவர் கேட்ட அந்தக் குரல், ஆண் குரல். பூட்டிக் கிடந்த பெண்கள் சிறையில் அதற்குரியவர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, புஷ்பலதாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயோ, என்னக்கா இது!"

"அவரு பண்ணுன குத்தத்துக்கு நீ தண்டன அனுபவிச்சிருக்கியேடி, தாயே."

வலியென்று வந்த எவரையும் பொய்யென்று சொல்லாத அம்மையாரைக் காக்க, மெய்யே உருவான இறைவர் ஒரு பொய் சொன்னார். அவரை அப்படிச் சொல்ல வைத்த அன்பு வாழ்க; அந்தப் பழியை ஏற்றுச் சுமந்த அம்மை புஷ்பலதாவும் வாழ்க.