கீழத்தெருவுக்குத் திரும்பிய தேர்

திருமலைக்கொழுந்துக்கு அறுபது வயசில்தான் துறவு ஆசை வந்தது. தம்பி அனவரதம் ஊர் மிராசுதார். வயலையும் தோப்பையும் அவனிடமே விட்டுவிட்டு மடத்தில் வந்து சேர்ந்தார். குரு உமையொருபாகர் வயசில் சின்னவர். ஆனாலும் விழுந்து கும்பிட்டு சீடரானார்.

சொத்தை விட்டவர் ஒன்றை மட்டும் விடவில்லை. நிதானம், விவேகம், முன்யோசனை என்று ஓயாமல் சொல்லுகிற வாய் அது. உலை கொதித்தாலும் நிதானம், மழை இருட்டினாலும் முன்யோசனை. கேட்டுக் கேட்டு மடத்தில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது.

அந்த வருஷம் மடத்துக் கோயில் தேர் கீழத்தெருவுக்கும் போகும் என்று குரு சொல்லிவிட்டார். அதுவரை போனதே இல்லை. அந்தத் தெருக்காரர்கள் வடத்தைத் தொடக் கூடாது. முனையில் நின்று தேரின் முதுகைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அநியாயம்தான், வேறென்ன சொல்ல? சேதி கேட்டதும் அந்த ஜனம் தெருவில் கல்லையும் முள்ளையும் பொறுக்கி, வாசலுக்கு வாசல் சாணி தெளித்துக் காத்திருந்தது.

அனவரதத்திடமிருந்தும் சேதி வந்தது. கீழத்தெரு நல்ல இறக்கம். தேர் தானாக ஓடிவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு வடம் கட்டி ஆட்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். தேர் அங்கே திரும்பினால் அந்தப் பின்வடத்தை வெட்டிப்போடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தான். சொன்னால் செய்கிற ஆள் அவன்.

திருமலைக்கொழுந்து குருவிடம் ஓடினார்.

“சாமி, இந்த வருஷம் வேண்டாம். நிதானமாப் போவோம். அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்.”

“வடத்தை வெட்டினா யாரு சாவா, அண்ணாச்சி?”

“கீழத்தெரு ஜனம்.”

“சாகாம இருக்க என்ன செய்யணும்?”

“சக்கரத்துக்குக் கட்டை போடணும். நல்ல ஆளாப் பாத்து, கவனமா...”

குரு உள்ளே போய் இரண்டு முட்டுக்கட்டைகளைத் தூக்கி வந்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

“வலது சக்கரம் உங்களுக்கு. இடது எனக்கு.”

தேர் முனையில் திரும்பியது. சக்கரம் ஆள் உயரம். அதற்கு முன்னால் குனிந்து கட்டையைச் செருக வேண்டும். தேர் முட்டி நின்றதும் உருவ வேண்டும். பின்வாங்கி மறுபடி செருக வேண்டும். கை வழுக்கினால் எலும்புகூட மிஞ்சாது. திருமலைக்கொழுந்துக்கு வேட்டியெல்லாம் வியர்வை. செத்தோம் என்றே நினைத்தார். பக்கத்துச் சக்கரத்தில் குருவும் குனிந்துதான் கிடந்தார்.

பின்வடத்தருகே அனவரதம் அரிவாளோடு வந்து நின்றான். கையை ஓங்கியும் விட்டான். அப்போதுதான் சக்கரத்தடியில் அந்த நரைத்த தலை அவன் கண்ணில் பட்டது.

“அண்ணே, வெளிய வா.”

“வர மாட்டேன்.”

“அண்ணே, சொன்னாக் கேளு.”

“நான் நகர்ந்தா தேர் ஓடிரும். வெட்டணும்னா வெட்டு.”

இதைச் சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. ஓங்கிய அரிவாளை அனவரதம் தாழ்த்தினான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தான்.

தேர் கீழத்தெருவில் இறங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். வடத்தை முதல்முதலாகத் தொட்ட ஒருவர் இழுக்கவும் மறந்து அழுதுகொண்டிருந்தார்.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. திருமலைக்கொழுந்துக்குக் கோபம் வந்தது.

“நான் சொன்ன ஒரு வார்த்தையையும் நீங்க கேக்கலையே சாமி. அவன் வெட்டியிருந்தா?”

“அதுக்குத்தான் கட்டை. அவன் வெட்டாம இருக்கத்தான் நீங்க.”

“தெரிஞ்சேதான் என்னை அங்க நிறுத்தினீங்களா?”

“ஆமா.”

திருமலைக்கொழுந்து கட்டையைக் கீழே போட்டார். குரு அவருடைய தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“அடுத்த வருஷமும் தேர் அங்க போகும், அண்ணாச்சி. அப்பவும் நிதானம்னு சொல்லத் தோணினா, சக்கரத்தடியில இருந்து சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்.”