பதினோராவது மாதிரி

டைபாய்டு கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதில் செல்லப்பெருமாளுக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் காய்ச்சலில் விழுந்த ஒன்பது மாணவிகளின் கிருமியையும், சமையல்காரி பேச்சியம்மாளின் கிருமியையும் எடுத்து மரபணு வரிசை பார்த்திருந்தார். பத்தும் ஒன்றே. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அறிக்கையைத் தன் பேராசிரியர் யூனிஸிடம் நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விடும். பேச்சியம்மாளின் வேலையும் அத்தோடு போய்விடும்.

“பரப்பினது அந்தம்மாதான் மேடம். சந்தேகமே இல்ல.”

“அவங்ககிட்டருந்து பிள்ளைங்களுக்குப் போச்சா? இல்ல, எல்லாருக்கும் ஒரே இடத்துலருந்து வந்துச்சா?”

“கிருமி ஒண்ணாத்தானே இருக்கு?”

“எப்படி வந்திருந்தாலும் ஒண்ணாத்தான் இருக்கும். விடுதித் தொட்டித் தண்ணிய எடுத்துப் பார்த்தீங்களா?”

“இல்ல மேடம். இவங்க ரிசல்ட் வந்ததும் நிறுத்திட்டேன்.”

யூனிஸ் பேனாவை மூடினார். பெருமாளுக்குச் சுருக்கென்றது.

“நானும் நிறுத்தினேன். பத்தொன்பது வருஷம் ஆச்சு. ஒரு பள்ளிக்கூட வாசல்ல வெள்ளத்தாய்னு ஒருத்தங்க மோர் வித்தாங்க. அப்பெல்லாம் கிருமியோட டி.என்.ஏ.வை ஜெல்லுல ஓடவிட்டு, விழற கோட்டை ஒப்பிட்டுப் பார்ப்போம். அவங்க கோடும் பிள்ளைங்க கோடும் அப்படியே ஒத்துப்போச்சு. பேரை எழுதிக் குடுத்துட்டேன். பானையை உடைச்சு, ஊரை விட்டே விரட்டிட்டாங்க.”

“அப்புறம்?”

“அவங்க போயும் காய்ச்சல் நிக்கல. அப்பதான் பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணிய எடுத்துப் பார்த்தேன். சாக்கடை கலந்திருந்துச்சு. அதே குழாயிலதான் அந்தம்மாவும் தண்ணி குடிச்சிருக்காங்க.”

பெருமாளுக்கு அவமானமாக இருந்தது. அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யூனிஸ் அலமாரியிலிருந்து ஒரு காலி மாதிரிப் பாட்டிலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

பெருமாள் பாட்டிலோடு வாசல்வரை போனார். கேட்காமல் போக மனசு வரவில்லை.

“வெள்ளத்தாயம்மாகிட்ட உண்மையைச் சொன்னீங்களா மேடம்?”

“அந்தக் கிருமி எங்கெல்லாம் போச்சுன்னு அஞ்சு ஜில்லா அலைஞ்சு கண்டுபிடிச்சேன்” என்றார் யூனிஸ். “அவங்க எங்க போனாங்கன்னு அப்ப நான் தேடல. இப்பத் தேடறேன். கிடைக்கல.”