துளை போட்ட புழுவும் துவரங்காட்டுக் காடையும்

கரட்டுக் குன்றை ஒட்டிய துவரங்காட்டில் செவத்தாள் என்றொரு காடை அடைகாத்துக்கொண்டிருந்தாள். துவரை நன்றாகத் தழைத்திருந்ததால், மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணுக்குக் கூடு தெரியாது. அந்தக் காடே தன் சொத்து என்பது அவள் எண்ணம். விதைத்தவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை.

கரிக்குருவி ஒன்று தினமும் செடி உச்சியில் உட்கார்ந்து காய்ப்புழுக்களைக் கொத்தித் தின்னும். தின்றுவிட்டு ஓயாமல் கத்தும். அடைகாக்கும் மகராசிக்கு அந்தச் சத்தம் ஆகவில்லை. விரட்டிவிட்டாள்.

"போறேன் அக்கா. இனிமே புழுவை நீயே பார்த்துக்கோ" என்று அது பறந்தது.

புழுக்களோ வாயைத் திறந்து சத்தமே போடாத சாதுக்கள். தின்பதற்கு மட்டும்தான் திறக்கும். தாழ்ந்த கிளையில் ஒரு பச்சைப்புழு காயைத் துளைத்து, தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது. செவத்தாள் விசாரித்தாள். காய்க்கு ஒரு பருப்புதான் தின்பதாகப் புழு பணிவாகச் சொன்னது. அவளைக் காட்டு ராணி என்றும் சொன்னது. இவ்வளவு நியாயம் தெரிந்த புழுவைக் கொத்த யாருக்கு மனசு வரும்?

"சின்னத் துளைதானே, தின்னு" என்றாள் ராணி.

தை மாதத்தில் எதிர்பாராமல் மழை பிடித்தது. துளைகளில் ஈரம் இறங்கியது. முழுக் காயின் தோலைத் தாண்ட முடியாமல் வெளியே கிடந்த பூசணம், துளை வழியே சாவகாசமாக உள்ளே போனது. பருப்பெல்லாம் கறுத்தது. காய்க்குக் காய் அழுகல் பரவியது.

யாரைக் கேட்டு நுழைந்தாய் என்று செவத்தாள் அதட்டினாள்.

"நான் எதையும் உடைக்கலையே தாயே" என்றது பூசணம். "வழி திறந்திருந்தது. வந்தேன்."

அவள் புழுவைத் தேடி ஓடினாள். அது வயிறு நிறைந்து, மண்ணுக்குள் புகுந்து, கூட்டுப்புழுவாகி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வெயில் வந்ததும் விதைத்தவர் நாலு காயை உடைத்துப் பார்த்தார். மறுநாளே ஆட்களோடு வந்து செடிகளை அடியோடு வெட்டிச் சாய்த்தார்.

அன்றைக்குத்தான் குஞ்சுகள் பொரிந்திருந்தன. இறகு காயாத குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு செவத்தாள் வெட்டவெளியில் வரப்புப் புதரை நோக்கி ஓடினாள். பருந்து ஒருமுறை இறங்கி ஏறியது. புதருக்குள் போய்த் திரும்பிப் பார்த்தபோது, கடைசியாக ஓடிவந்த குஞ்சைக் காணவில்லை.

சின்னச் சேதம்தானே என்று விட்டுவைப்பவர், அதன் வழியே நுழையும் பெரிய கேட்டுக்கும் சேர்த்தே இடம் கொடுக்கிறார்.