நத்தையத்தை கொம்பை இழுத்த கீரை

ஓடைக்கரைக் காட்டில் செவந்தி என்று ஒரு முயல் இருந்தது. அது யாரையும் நம்பாது. மழை பெய்தால்கூட, இந்த மேகம் என்ன நினைப்பில் பெய்கிறது என்று யோசிக்கும்!

காட்டை ஒட்டி மனிதர்களின் பருத்திக்காடு. அங்கே பூச்சிமருந்து அடிப்பார்கள். அதனால் விலங்குகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பால் மறந்த குட்டிக்கு முதல் தீனி கொடுக்கும் முன் அதை நத்தையத்தையிடம் காட்ட வேண்டும். அத்தை கிட்டே போய் மோந்து பார்க்கும். கொம்பு நீண்டபடி இருந்தால் தின்னலாம். கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டால் மருந்து பட்டது!

அன்று செவந்தியின் ஒரே குட்டிக்கு முதல் தீனி. அதற்கென்றே வளைக்குப் பக்கத்தில் தண்டங்கீரை போட்டிருந்தது முயல்.

அப்போது பெருச்சாளி ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கவ்விக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, என் கொல்லையில காய்ச்சது. மருமகனுக்குக் கொண்டாந்தேன்!"

முயல் பிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "ஏண்ணே இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"இப்பத்தான் ஓடையில கழுவினேன்."

"கழுவினியா? எதை மறைக்க?"

"கழுவாம வந்திருந்தா அதுக்கும் ஒரு கேள்வி வச்சிருப்பே! அத்தையைக் கூப்பிடு."

நத்தையத்தை ஊர்ந்து வந்தது. பிஞ்சை ஒரு சுற்றுச் சுற்றியது. கொம்பு நீண்டபடியே இருந்தது. போதாததற்கு ஓரத்தில் ஒரு கடியும் கடித்துக்கொண்டது!

"ஓகோ! அண்ணன் உனக்கு முன்னாடியே ஒரு பிஞ்சு கொடுத்து வச்சிருக்கு. அதான் அத்தை, நீ கொம்பை இழுக்கல!" என்றது முயல்.

"எனக்கா? அவன் கொல்லைக்கு நான் போய்ச் சேர்றதுக்குள்ள வெள்ளரி முத்திப் பழுத்துரும்டி! சரி, உன் கீரையைக் கொண்டா."

"என் கீரைக்கு எதுக்குச் சோதனை? நானே விதைச்சேன், நானே தண்ணி ஊத்தினேன். ஒரு ஆளை அண்ட விடல!"

இதற்குள் பசி பொறுக்காத குட்டி ஒரு கீரைத்தண்டைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனது.

"ஏய், கீழ போடு!" என்று அத்தை அதட்டியது. குட்டி பயந்து போட்டுவிட்டது.

அத்தை கீரையை நெருங்கியது. கொம்பு சட்டென்று உள்ளே போனது. பின்னாலேயே தலையும் ஓட்டுக்குள் போய்விட்டது!

முயல் பெருச்சாளிமேல் பாய்ந்தது. "நீதான் எதையோ ஊத்திட்டே!"

"நான் வந்ததே இப்பத்தான். ஆளையே அண்ட விடலன்னு நீதானே சொன்னே!"



ஓட்டுக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது. "தண்ணி எதுல ஊத்தினே?"

பாத்தி ஓரத்தில் கிடந்த ஒரு நீல டப்பாவை முயல் காட்டியது. "பருத்திக்காட்டு வரப்புல எடுத்தேன். ஓட்டை இல்லாத நல்ல டப்பா..."

பெருச்சாளி அதை மோந்து பார்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மியது. "மருந்து டப்பா தங்கச்சி இது! அடியில இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு!"

முயலின் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின. காட்டில் எல்லாரையும் மோந்து பார்த்த மூக்கு, அந்த டப்பாவை மட்டும் மோந்து பார்க்கவே இல்லை.

"அம்மா, பசிக்குது!" என்றது குட்டி.

முயல் வெள்ளரிப்பிஞ்சைப் பெருச்சாளியின் பக்கம் மெல்லத் தள்ளியது. "அண்ணே... நீயே ஊட்டிவிடு."

அடுத்தவர் கையையெல்லாம் மோந்து பார்க்கிறவர்கள், தங்கள் கையையும் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.