கோவில்பட்டியில் இறங்க வேண்டியவர்

"கரண்ட் இருக்கிற வரைக்கும்தாம்ப்பா இவங்க வித்தையெல்லாம்."

சாத்தூர் டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது. சொன்னவர் வடையைப் பிட்டுக்கொண்டே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். சிவசைலத்தால் போக முடியவில்லை.

கையிலிருந்த டீ ஆறிப்போயிற்று.

ஊர் ஊராகப் போய் வாசிக்கும் அவருடைய குழுவில் நாலே பேர். வயலின், மாண்டலின், பாஸ் கிட்டார், கிட்டார். நாலும் மின்சாரத்தில் பேசுகிறவை. பாட ஆள் கிடையாது. தாளத்துக்கும் கிடையாது.

ஐம்பத்திரண்டு வயதில் மில் வேலையை உதறிவிட்டு, கிட்டாரும் கையுமாக வந்து சேர்ந்தவர் சிவசைலம். வயலின் வாசிக்கிற ரெஜினாதான் அவருக்கு குரு. அவரைவிட இருபது வயது இளையவள். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

வேனில் ஏறியதுமே கேட்டுவிட்டார்.

"மாஸ்டர், நாம வாசிக்கிறோமா, கரண்ட் வாசிக்குதா?"

ரெஜினா ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"இது தெரியலேன்னா நான் சாயங்காலம் கோவில்பட்டியில இறங்கிக்கிடுதேன். வீட்டோட இருந்துருதேன்."

"போன மாசமும் இறங்குனீங்க. அடுத்த பஸ்ல வந்துட்டீங்க" என்று சிரித்தான் பாஸ் வாசிக்கிற ஐசக்.

"இந்தத் தடவை துணியெல்லாம் பையில வச்சுக் கட்டியாச்சு."

ஐசக் அதற்கு மேல் சிரிக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் வழக்கம்போல அது தொடங்கியது. ரெஜினா மோவாயை லேசாக உயர்த்தினாள். மூன்று பேரின் விரல்களும் முழங்கால்களின் மேல் இறங்கின. அன்றைக்கு வாசிக்கப்போகும் பாட்டெல்லாம், ஒரு சத்தமும் இல்லாமல், வேனின் குலுக்கலுக்குள் நடந்து முடியும். தினமும் நடப்பதுதான். சிவசைலம் தினமும் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். வாத்தியம் இல்லாத வாசிப்பு அவருக்குப் பிள்ளை விளையாட்டாகத் தோன்றும்.

மாதா கோவில் திருவிழா. பகல் மூன்று மணி. பந்தல் நிறைய ஜனம்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

விசில் பறந்தது. குழந்தைகள் கத்தின. சிவசைலம் தந்திகளிலிருந்து கையை எடுத்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று திரும்பினார்.

அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ரெஜினாவின் வில் மேலும் கீழும் போய்வந்தது. மாண்டலின்காரர் மாடசாமியின் விரல்கள் தந்திமேல் துடித்துக்கொண்டிருந்தன. மேடையின் அந்தக் கோடியில் ஐசக் கண்ணை மூடியிருந்தான். பந்தலின் இரைச்சலில் ஒருவர் தந்தி இன்னொருவருக்குக் கேட்க வழியே இல்லை. ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை.

ஒரு நிமிஷம் போயிருக்கும். இரண்டாகவும் இருக்கலாம்.

கரண்ட் வந்தது.

பாட்டு தொடங்கவில்லை. பாட்டு இருந்தது. இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரி, மூன்று வாத்தியங்களிலும் ஒரே இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல். சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே இருந்ததற்கு யாரோ கதவைத் திறந்துவிட்டதைப் போல.

சிவசைலத்துக்கு எங்கே நுழைவது என்று தெரியவில்லை. கிட்டாரை அணைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றார்.

கேபிள்களைச் சுருட்டும்போது ரெஜினாவிடம் வந்தார்.

"மாஸ்டர், கரண்ட் இல்லாதப்ப எப்படி?"

அவள் வில்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி நிறுத்தினீங்க?"

அவர் மிச்சக் கேபிளையும் சுருட்டினார்.

வேன் கிளம்பியது. வெயில் தணிந்திருந்தது. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். நாளைக்கான பாட்டுக்கு ரெஜினா மோவாயை உயர்த்தினாள்.

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு முன்னால் வேன் நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

"அண்ணாச்சி, உங்க ஊர் வந்தாச்சு."

சிவசைலத்தின் பத்து விரல்களும் பையின் மேல் ஓடிக்கொண்டிருந்தன. சரணம் பாதியில் இருந்தது.

அவர் காலை நீட்டி, காலாலேயே கதவைத் தள்ளி மூடினார்.